பூங்காவும் வேண்டும், வீடும் வேண்டும்!
புக்கிட் கியாரா நமக்குச் சொல்லும் பாடம்



தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, இப்போது அடுக்குமாடியில் குடியிருக்கும் ஓர் அம்மா ஒரு முறை என்னைக் கேட்டார்: "ஏன் தம்பி, பணக்காரங்க காலையில ஓடுறதுக்கு ஒரு காடு, சாயங்காலம் நாயைக் கூட்டிட்டு நடக்குறதுக்கு ஒரு பூங்கா. அதுக்கு ஒரு கேஸு வேற. நமக்குக் குடியிருக்க வீடே இல்ல. இதுல நமக்கு என்ன வேலை?"

நியாயமான கேள்வி. நம் வீடுகளில் பலர் மனதில் இருக்கும் கேள்வியும் இதுதான். ஆற்றோரப் பூங்கா, நடைபாதை, மரம், மீன், பறவை என்று யாராவது பேசினால், "அது வயிறு நிறைந்தவர்களின் கவலை" என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். நாம் ஒதுங்கிய இடத்தில்தான் மேம்பாட்டாளர் வந்து வேலி போடுகிறார். கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதியில் உள்ள தாமான் ரிம்பா கியாராவின் கதை இதற்குச் சரியான சாட்சி. அது ஒரு பூங்காவின் கதை மட்டும் அல்ல. அதில் நம் கதையும் இருக்கிறது.

அந்தப் பாதையைப் போட்டவர்கள் யார்?

புக்கிட் கியாராவுக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். குன்று, நிழல், சிற்றோடை, சைக்கிள் ஓட்டுபவர்கள், மூச்சு வாங்க ஏறும் பெரியவர்கள். கொஞ்சம் உள்ளே போனால் மரங்களை உற்றுப் பாருங்கள். கித்தா மரங்கள்! ஆமாம், அந்தக் குன்று முழுவதும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். இன்று மக்கள் நடக்கும் அந்த மண்ணில், பெரட்டு முடிந்து, இருட்டோடு இருட்டாக, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக நடந்தவர்கள் நம் பாட்டிமார்களும் தாத்தாமார்களும்தான். தோளில் காண்டா, இரண்டு பக்கமும் பால் வாளி. அவர்கள் நடந்தது உடற்பயிற்சிக்காக அல்ல, ஒரு நாள் சம்பளத்துக்காக.

பெட்டாலிங் ஜெயா வழியாக ஓடிக் கிள்ளான் ஆற்றில் கலக்கும் சுங்கை பெஞ்சாலா பிறப்பதும் இந்தக் குன்றில்தான். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் ஓடையின் அருமையைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. துணி துவைத்ததும் குளித்ததும் நீச்சல் பழகியதும் அங்கேதான். மாதக் கடைசியில் கையில் காசில்லாத நாளில், அல்லூரில் தூண்டில் போட்டு அப்பா கொண்டு வந்த விராலும் கெளுத்தியும்தான் எங்கள் வீட்டுக் குழம்பு. அந்த ஆறு எங்களுக்கு இலவசமாகத் தந்ததை வேறு எந்த அரசாங்க இலாகாவும் தந்ததில்லை.

குதிரைக்கு லாயம் கிடைத்தது, லயத்துக்காரனுக்கு?

அரசாங்கம் பொதுக் காரியத்துக்கு என்று சொல்லிப் புக்கிட் கியாரா தோட்டத்தை எடுத்துக்கொண்டது. தோட்டத் தொழிலாளிகளை 1980களின் தொடக்கத்தில் ரூமா பாஞ்சாங் எனப்படும் நீண்ட வரிசை வீடுகளில் குடியேற்றினார்கள். "இது தற்காலிகம்தான், நிரந்தர வீடு வரும்" என்றார்கள்.

தோட்ட நிலத்தில் என்னவெல்லாம் வந்தது என்று பாருங்கள். கோல்ஃப் திடல் வந்தது. குதிரையேற்ற மன்றம் வந்தது. அரசாங்க அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் கழகம் வந்தது. சுற்றிலும் விலை உயர்ந்த வீடுகள் வந்தன. குதிரைக்கு லாயம் கிடைத்தது. லயத்தில் இருந்தவனுக்கு மட்டும் வீடு கிடைக்கவில்லை! தற்காலிக வீட்டில் பிறந்த குழந்தை வளர்ந்து, கல்யாணம் முடித்து, அதே தற்காலிக வீட்டில் தன் குழந்தைக்குத் தொட்டில் கட்டியது. பலகையும் தகரமுமாக நாற்பது ஆண்டு! இதற்குப் பெயர் தற்காலிகமா?

ஏழையைக் காட்டிப் பூங்காவை விழுங்கும் திட்டம்

இனி கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ரிம்பா கியாரா பூங்காவின் பரப்பு சுமார் 25 ஏக்கர். கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் 2020 அதைப் பொதுமக்களுக்கான திறந்தவெளி என்று குறித்திருந்தது. ஆனால் 2017 ஜூலை 13ஆம் தேதி டத்தோ பண்டார் ஒரு மேம்பாட்டு ஆணை வழங்கினார். பூங்கா பகுதியில் சுமார் 12 ஏக்கரில் கட்டடம் எழுப்ப அனுமதி. 42 முதல் 54 மாடி வரை உயர்ந்த எட்டு ஆடம்பரக் கட்டடங்கள். அவற்றோடு 29 மாடியில் ஒரே ஒரு மலிவு விலைக் கட்டடம். அந்த ஒரு கட்டடத்தில்தான் லயத்துக் குடும்பங்களுக்கு வீடு என்றார்கள்.

கணக்கைப் பாருங்கள். லயத்தில் இருந்தவை ஏறத்தாழ 100 குடும்பங்கள். அவர்களுக்கு வீடு கட்ட 12 ஏக்கரா வேண்டும்? அவர்கள் குடியிருந்த இடத்திலேயே, அதன் ஓரத்திலேயே வீடு கட்டிக் கொடுத்திருக்கலாம். அதைச் செய்ய 35 ஆண்டு இருந்தது. ஆனால் ஏழைக்கு வீடு கட்டுவதில் லாபம் இல்லை. ஏழையின் பெயரைச் சொல்லிப் பூங்கா நிலத்தை எடுத்து, அதில் எட்டு கோபுரம் கட்டினால் லாபம் உண்டு. நமக்கு ஒன்று, அவர்களுக்கு எட்டு. நம் வறுமை அவர்களுக்கு நுழைவுச் சீட்டு!

பூங்காவைக் காக்கச் சுற்றுப்புற மக்கள் நீதிமன்றம் போனபோது என்ன சொன்னார்கள்? "பாருங்கள், இந்த வசதி படைத்தவர்கள் ஏழை இந்தியர்களுக்கு வீடு கிடைப்பதைத் தடுக்கிறார்கள்" என்றார்கள். லயத்து மக்களில் பலர் கோபப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நாற்பது ஆண்டு காத்திருந்தவன் கண் முன்னால் ஒரு சாவியை ஆட்டிக் காட்டினால் அவன் மரத்தையா பார்ப்பான்? அவனைக் குறை சொல்ல எவருக்கும் தகுதி இல்லை. குறை சொல்ல வேண்டியது அந்தச் சாவியைத் தூண்டிலில் மாட்டியவர்களை.

அதே சமயம், பூங்காவை நேசிப்பவர்களிடமும் ஒரு வார்த்தை. நீங்கள் பல ஆண்டுகள் அந்த லயத்தைக் கடந்துதான் நடைப்பயிற்சிக்குப் போனீர்கள். மரத்துக்கு ஆபத்து வந்த பிறகுதான் பலருக்கு மனிதர்கள் கண்ணில் பட்டார்கள். பின்னர் லயத்து மக்களுக்கு அங்கேயே நிரந்தர வீடு வேண்டும் என்று குடியிருப்பாளர்கள் வெளிப்படையாகவே கேட்டார்கள். அது நல்லது, பாராட்டுகிறேன். ஆனால் அந்தக் குரல் முன்பே வந்திருந்தால், ஏழையைக் கேடயமாகப் பிடிக்க எவருக்கும் வாய்ப்பு கிடைத்திருக்காது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

வழக்கறிஞர் என்ற முறையில் இந்தப் பகுதியை உங்களுக்கு நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தத் தீர்ப்பு நம் கையில் ஓர் ஆயுதம்.

2017 ஆகஸ்டில் வழக்கு பதிவானது. 2018 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மக்கள் சோர்ந்து போகவில்லை. 2021 ஜனவரி 27இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மேம்பாட்டு ஆணையை ரத்து செய்தது. டத்தோ பண்டார் தரப்பு கூட்டரசு நீதிமன்றம் போனது. 2023 ஏப்ரல் 18இல் கூட்டரசு நீதிமன்றம் ஏகமனதாக அந்த மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

அந்தத் தீர்ப்பில் நாம் மனப்பாடம் செய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது, கட்டமைப்புத் திட்டம் அலமாரியில் வைக்கும் அலங்காரப் புத்தகம் அல்ல. அதற்குச் சட்ட வலிமை உண்டு. அதிகாரி தன் விருப்பத்துக்கு அதை ஒதுக்கிவிட முடியாது.

இரண்டாவது, திட்டத்தில் இருந்து விலகி அனுமதி கொடுத்தால் ஏன் கொடுத்தேன் என்று அதிகாரி காரணம் சொல்ல வேண்டும். "நான் முடிவு செய்தேன், அவ்வளவுதான்" என்பது செல்லாது.

மூன்றாவது, பக்கத்து நிலத்தின் சொந்தக்காரர் மட்டுமே வழக்குத் தொடரலாம் என்பது இல்லை. அந்த முடிவால் பாதிக்கப்படும் வட்டார மக்களும் நீதிமன்றம் போகலாம்.

நான்காவது, நிலம் ஏழைகளுக்கு உதவும் ஓர் அறவாரியத்தின் பெயரில் இருந்தது. அனுமதி கொடுத்த டத்தோ பண்டாரே அந்த அறவாரியத்தின் அறங்காவலர் குழுவிலும் இருந்தார். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே பக்கம் உட்கார்ந்தால் அது நியாயமான முடிவா? நீதிமன்றம் இந்த முரணையும் சுட்டிக்காட்டியது.

பூங்கா தப்பியது. ஆனால் தீர்ப்பு வந்த அந்த நாளிலும் லயத்து மக்கள் லயத்தில்தான் இருந்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். மரத்தைக் காக்க ஒரு கட்டமைப்புத் திட்டம் இருந்தது. தொழிலாளியைக் காக்க ஒரு வாய்மொழி வாக்குறுதி மட்டுமே இருந்தது. நீதிமன்றத்தில் காகிதம் பேசும், வாக்குறுதி பேசாது. 2009இல் பினாங்கு கம்போங் புவா பாலாவில் நாம் பார்த்ததும் இதைத்தான். தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த மக்கள்; கையில் பட்டா இல்லை; மண்வாரி இயந்திரம் வந்து வீடுகளைத் தரைமட்டமாக்கியது.

காடு போனால் வெள்ளம் யார் வீட்டுக்குள் வரும்?

"சரி, வீட்டுக்காகப் போராடலாம். பூங்கா எதற்கு?" என்று இன்னும் கேட்பீர்கள். மூன்று காரணங்கள் சொல்கிறேன்.

ஒன்று, இடம். மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடியில் ஒரு வீட்டின் அளவு 700 சதுர அடி. அதில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். பிள்ளை எங்கே ஓடுவான்? படிக்கட்டிலும் கார் நிறுத்துமிடத்திலும்தான். அங்கே அவனுக்காகக் காத்திருப்பவர்கள் யார் என்று பெற்றோர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பணக்காரப் பிள்ளைக்கு மன்றம் இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது. நம் பிள்ளைக்குக் காசில்லாமல் கிடைப்பது ஓர் ஆறும் ஒரு பூங்காவும்தான். பொதுப் பூங்காவைப் பறித்தால் பணக்காரனுக்கு ஒரு பொழுதுபோக்கு குறையும். நமக்கு இருந்த ஒன்றே ஒன்று போகும்.

இரண்டு, வெள்ளம். மரம் நிற்கும் மண் மழையைக் குடிக்கும்; மெல்ல மெல்ல ஓடைக்கு விடும். அதே மண்ணில் சிமெண்ட் போட்டால் மழை அத்தனையும் ஒரே நேரத்தில் கால்வாய்க்கு ஓடும். கால்வாய் ஆற்றுக்கு, ஆறு தாழ்வான வீட்டுக்கு. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை மேல் ஏறி உதவிக்குக் கத்தியவர்களில் நம் உறவுகள் எத்தனை பேர்! அன்று மழை வரலாறு காணாதது, உண்மைதான். ஒரு குன்றின் மரத்தால் மட்டும் அதைத் தடுத்திருக்க முடியாது. ஆனால் மேட்டில் ஒவ்வொரு காடாக வழித்துக்கொண்டே போனால், கணக்கைத் தீர்ப்பது எப்போதும் பள்ளத்தில் இருப்பவன்தான். மேட்டில் வீடு வாங்குபவர் யார், பள்ளத்தில் வாடகைக்கு இருப்பவர் யார்?

மூன்று, உரிமை. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு உயிர் வாழும் உரிமையைச் சொல்கிறது. உயிர் என்றால் மூச்சு மட்டும் அல்ல, தூய்மைக்கேடு இல்லாத சுற்றுச்சூழலில் வாழ்வதும் அதில் அடங்கும் என்று 1996இலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் தான் தெக் செங் வழக்கில் சொல்லிவிட்டது. ஆக, நல்ல காற்றும் ஓடும் தண்ணீரும் யாரோ போடும் பிச்சை அல்ல.

சிலாங்கூரில் தெமுவான் மக்கள் காட்டிய வழி

கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம். மற்ற இடங்களில் நிலமும் காடும் ஆறும் மாநில அரசின் கையில். ஆற்று மீன்பிடிப்புகூட மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது. அதனால் மாநில ஆட்சி மன்றம் ஒரு மேசையில் கூடி எடுக்கும் முடிவில் ஒரு காடே காணாமல் போகலாம்.

சிலாங்கூர் கோலா லங்காட் வடக்கு வனக் காப்பகத்தில் இதுதான் நடக்கப் பார்த்தது. 2020 பிப்ரவரியில், அந்தக் கரிமண் சதுப்புக் காட்டில் 931 ஹெக்டரைக் காப்பகப் பட்டியலில் இருந்து நீக்க அறிவிப்பு வந்தது. ஏறக்குறைய முழுக் காடும் அதுதான்! ஓரத்தில் வாழும் தெமுவான் பூர்வகுடி மக்கள் எழுந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் கொடுத்தார்கள். 2021 ஆகஸ்டில், பாதிக்கு மேற்பட்ட பகுதியின் நீக்கம் அங்கீகரிக்கப்பட்டுவிட்டது என்று தெரியவந்தபோது கூச்சல் இன்னும் பெரிதானது. 2021 செப்டம்பரில் மந்திரி பெசார் அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்.

அந்த ஆட்சேபத்துக்கு வாசல் எங்கிருந்து வந்தது? வனக் காப்பகத்தை நீக்கும் முன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று சிலாங்கூர் 2011இல் தன் சட்டத்தைத் திருத்தியிருந்தது. பின்னர் 2022இல் நாடாளுமன்றம் தேசிய வனச் சட்டத்திலும் அத்தகைய பொது விசாரணையைச் சேர்த்தது. ஆனால் மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அந்தத் திருத்தம் அங்கே நடைமுறைக்கு வரும். உங்கள் மாநிலம் ஏற்றதா என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரைக் கேளுங்கள். தேர்தல் நேரத்தில் அரிசிப் பொட்டலம் கொண்டு வருபவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். முகம் மாறும்.

தெமுவான் மக்கள் நம்மைவிட வசதியானவர்களா? இல்லை. நம்மைவிட அதிகம் படித்தவர்களா? இல்லை. அவர்கள் ஒதுங்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

உங்கள் வட்டாரத்தில் ஓர் ஓடையோ திடலோ சிறு காடோ இருந்தால், அது திட்ட வரைபடத்தில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மாநகர் மன்றத்தில் அல்லது நகராண்மைக் கழகத்தில் வட்டாரத் திட்டம் பார்வைக்கு உண்டு. பச்சை நிறத்தில் இருப்பதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அது வேறு நிறமாக மாறினால் உங்களிடம் சாட்சி இருக்கும்.

வேலி ஓரத்தில் அறிவிப்புப் பலகை வைத்தால் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். அதில் ஆட்சேபத்துக்குக் கடைசித் தேதி இருக்கும். அந்தத் தேதிக்குள் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்ன ஆட்சேபம் காற்றோடு போகும்.

அரசாங்க முடிவை எதிர்த்து நீதித்துறை மறு ஆய்வுக்குப் போக வேண்டுமானால் உங்களுக்கு இருப்பது மூன்று மாதம் மட்டுமே. கியாரா மக்கள் அடுத்த மாதமே வழக்குப் போட்டார்கள். நம்மவர்களோ தலைவரைப் பார்த்து, அவர் இன்னொரு தலைவரைப் பார்த்து, மாலை போட்டுப் படம் எடுத்து முடிப்பதற்குள் ஆறு மாதம் ஓடிவிடுகிறது. பிறகு என்னைப் போன்றவர்களிடம் கோப்பைக் கொண்டு வந்து "ஏதாவது செய்யுங்க" என்கிறார்கள். காலம் கடந்த கோப்பை வைத்துக்கொண்டு வழக்கறிஞர் அழத்தான் முடியும்.

தோட்டமோ லயமோ காலி செய்யச் சொன்னால், வாக்குறுதியை எழுத்தில் கேளுங்கள். எந்த நிலம், எத்தனை வீடு, எந்த ஆண்டு, யார் கையெழுத்து? இந்த நான்கும் இல்லாத கடிதத்தை நம்பி ஒரு செங்கல்லையும் நகர்த்தாதீர்கள்.

நமது கோரிக்கை தெளிவானது.

1. பொதுப் பூங்காவும் ஆற்றோர நிலமும் எந்தப் பெயரிலும், எந்த அறவாரியத்தின் வழியாகவும் தனியார் கைக்குப் போகக் கூடாது.

2. தோட்டத் தொழிலாளிகளின் வீட்டுரிமையைப் பூங்கா நிலத்தோடு முடிச்சுப் போடக் கூடாது. வீடு தனிக் கடமை. அதை அரசாங்கம் தன் பணத்தில் நிறைவேற்ற வேண்டும்.

3. தோட்ட நிலத்தில் உருவாகும் ஒவ்வொரு பூங்காவிலும், அந்த மண்ணில் உழைத்தவர்களின் வரலாறு தமிழிலும் மலாயிலும் எழுதி வைக்கப்பட வேண்டும்.

4. ஏழைகள் குடியிருக்கும் அடுக்குமாடிகளுக்குப் பக்கத்தில் புதிய பூங்காக்கள் வேண்டும். பச்சை நிறம் பணக்காரத் தாமான்களுக்கு மட்டும் சொந்தமல்ல.

என்னைக் கேள்வி கேட்ட அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான்: "அம்மா, வீடு வேண்டுமா பூங்கா வேண்டுமா என்று நம்மிடம் கேட்பவன் இரண்டையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான். அந்தக் கேள்வியையே நாம் ஏற்கக் கூடாது."

காட்டை அழித்துக் கித்தா நடச் சொன்னபோது நட்டோம். கித்தாவை வெட்டிப் பால் எடுக்கச் சொன்னபோது எடுத்தோம். தோட்டத்தை மூடிப் போகச் சொன்னபோது போனோம். அந்த மண் இன்று மறுபடியும் காடாகி, ஓடை தெளிந்து ஓடுகிறது. அதன் நிழலில் உட்கார நம் பிள்ளைக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

பூங்காவும் வேண்டும், வீடும் வேண்டும். இரண்டும் நம் உரிமை. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க மாட்டோம்!